பகலில் எறிந்த வலை

திரை கட்டக் கம்பம் தேடுகிற வேலை அன்று கல்குடாவில் இருக்கவில்லை. 1978 நவம்பர் 23ஆம் திகதி அடித்த சூறாவளி, மட்டக்களப்புக் கரையோரத் தென்னைகளின் தலையைத் திருகி எடுத்துக்கொண்டு உடம்பை மட்டும் விட்டுப் போயிருந்தது. அப்படி நின்ற இரண்டு மொட்டைத் தென்னைகளுக்கு நடுவே வெள்ளை விரிப்புகளை மூட்டித் தைத்துக் கட்டினார்கள். எண்பதுகளின் தொடக்கம் அது. வேனில் வந்த ஊழியக்காரர் இருவர் 16 மில்லிமீற்றர் புரொஜெக்டரைக் கவிழ்த்த மீன்பெட்டியின் மேல் ஏற்றிவிட்டு, ஜெனரேட்டரைச் சத்தம் கேளாத தூரத்துக்குத் தள்ளிப் பார்த்தார்கள். சத்தம் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. சபைக்காரர், கோயில்காரர், ஒன்றுக்கும் போகாதவர், அன்றிரவு கடலுக்குப் போகவேண்டியவர் என்று ஊரே மணலில் குந்தியிருந்தது. முன்னால் இடம் கிடைக்காத பாதிப்பேர் திரைக்குப் பின்னால் போய் இருந்தார்கள். அங்கும் படம் தெரியும். என்ன, இயேசு இடது கையால் ஆசீர்வதிப்பார்.

பத்து வயதுப் பொடியன் ஒருவன் அந்தப் பின்பக்கத்துக் கூட்டத்தில், தன் அப்பப்பாவின் முழங்காலில் சாய்ந்தபடி படம் பார்த்தான்.

படம், 1979இல் வெளியான ‘இயேசு’. அமெரிக்காவின் கேம்பஸ் குருசேட் அமைப்போடு சேர்ந்து ஜோன் ஹேமன் தயாரித்தது. லூக்கா நற்செய்தியை ஒட்டி இஸ்ரேலில் படம்பிடித்தார்கள். இன்று வரை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மொழிகளில் குரல் மாற்றப்பட்டு, தியேட்டரே கண்டிராத ஊர்களுக்கெல்லாம் போய்ச் சேர்ந்த படம் அது. பிரையன் டீக்கன் என்ற ஆங்கில நடிகர் வாயசைக்க, கல்குடாக் கடற்கரையில் வேதாகமத் தமிழ் கேட்டது. கடற்காற்று திரையை ஊதும்போதெல்லாம் பேதுருவின் முகம் பூசணிக்காய்போல உப்பும். காற்று விட்டதும் ஒட்டிப்போகும். பிள்ளைகளுக்கு மற்ற அற்புதங்களைவிட இதுதான் பெரிதாக இருந்தது.

வலை நிறைய மீன் ஏறும் காட்சி வந்தபோது அப்பப்பா வாயிலிருந்த சுருட்டை எடுத்தார்.

“என்ன மனே இது, பகல்லயா வலை போடுறாங்க? மீன் வலையக் கண்டிருமே!”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். படத்தில் பிழை பிடிக்கக் கிழவனுக்கு வேறு இடம் கிடைக்கவில்லை என்றார் ஒருவர். அப்பப்பா வலைக்காரர். நத்தாருக்கு மட்டும் கோயில் பக்கம் போகிறவர். அதுவும் அப்பம்மாவின் தொல்லைக்காக. சிரிக்காமல் திரும்பிப் பார்த்தவர் ஒருவர்தான். ஊரில் எல்லாரும் மாஸ்டர் என்று கூப்பிடும் ஓய்வுபெற்ற ஆசிரியர் அவர்.

அடுத்த சனிக்கிழமை பின்னேரம் வாலிபர் கூட்டத்தில் மாஸ்டர் லூக்கா ஐந்தாம் அதிகாரத்தைத் திறந்துவைத்துக்கொண்டு, அப்பப்பாவை ஆளனுப்பிக் கூப்பிட்டார். வரமாட்டேன் என்றவரைப் பொடியன்தான் கையைப் பிடித்து இழுத்துவந்தான். அன்று அங்கே படித்துக்கொடுத்தது அப்பப்பா. நைலோன் வருவதற்கு முன்னால் நூல் வலைதான். பகலில் தண்ணீருக்குள் அது வேலிபோலத் தெரியும். மீன் விலகிப் போய்விடும். அதனால் இரவில் போட்டு, விடியலில் கழுவிக் காயவைப்பார்கள். கலிலேயாவிலும் அந்தக் காலத்தில் சணல்நார் வலைதான் என்று மாஸ்டர் எடுத்துக்கொடுத்தார். அப்படியானால் இராமுழுக்கப் பாடுபட்டு, ஒன்றும் படாமல், வலையையும் கழுவி முடித்த ஒருவனிடம் போய், வெயில் ஏறின பிறகு திரும்பவும் போடு என்று சொன்னது யார்? ஒரு தச்சன்.

“எனக்கெண்டா ஏசிருப்பன்,” என்றார் அப்பப்பா.

அந்த ஒரு சொல்லில் பேதுருவின் கோபமும் களைப்பும், அதற்குமேல் அவன் கீழ்ப்படிந்ததும் அங்கிருந்த இருபது பேருக்கும் விளங்கிப்போயிற்று. பொடியன் பிறகு எத்தனையோ வேத வியாக்கியானங்களைப் புரட்டியிருக்கிறான். பகல் வலையைப் பற்றி அவற்றில் வாசித்தபோதெல்லாம் அவனுக்குச் சுருட்டு மணந்தது.

சினிமாவைப் பற்றிக் கதைக்கும் சனிக்கிழமைகள் அப்படித்தான் தொடங்கின. ஒரு பக்கத்துத் தாழ்வாரம், அரிக்கன் லாம்பு, சீனியைக் கடித்துக்கொண்டு குடிக்கும் பிளேன்டீ. கத்தோலிக்கப் பிள்ளைகளும் மெதடிஸ்தப் பிள்ளைகளும் சபைப் பிள்ளைகளும் கலந்திருந்தார்கள். இந்தக் கலப்பு ஊரில் பலருக்குப் பிடிக்கவில்லை. சினிமா அதற்கு இன்னொரு காரணம். பெந்தெகொஸ்தே வழிவந்த வீடுகளில் நகையும் சினிமாவும் ஒரே கணக்கில் விலக்கப்பட்டவை. மெதடிஸ்த வீடுகளில் பார்க்கலாம், சொல்லக்கூடாது. மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் மட்டக்களப்பில் வந்திறங்கிய 1814இலிருந்து அங்கே படிப்புக்கு இருந்த மரியாதை கூத்துக்கும் பாட்டுக்கும் இருக்கவில்லை. கத்தோலிக்கருக்கோ பாப்பரசர் பதினோராம் பத்திநாதர் 1936இலேயே திரைப்படத்தைப் பற்றி ஒரு சுற்றுமடலே எழுதிவைத்திருந்தார். நல்ல படம் ஆளை உயர்த்தும், கெட்டது கெடுக்கும் என்பது அதன் சாரம். அந்தக் கோட்டை எங்கே போடுவது என்பதை ஒவ்வொரு பங்கும் தன் இஷ்டத்துக்குத் தீர்மானித்தது.

ஒரு பாஸ்டர் நேரே வந்து கேட்டார், வேதம் படிக்கிற இடத்தில் படக்கதை எதற்கு என்று. மாஸ்டர் அவருக்கும் ஒரு பிளேன்டீ ஊற்றிக்கொடுத்துவிட்டு ‘ரேகாவ’வைப் பற்றிச் சொன்னார். 1956இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் எடுத்த அந்தச் சிங்களப் படம் அடுத்த ஆண்டு கான் விழாவின் போட்டிப் பிரிவுக்குப் போனது. எடுத்தவர் கத்தோலிக்கர். பாட்டு எழுதியவர் மார்ஸலின் ஜயக்கொடி அடிகள், அங்கி போட்ட குருவானவர். அதே ஜயக்கொடி அடிகளுக்கு 1983இல் மக்சேசே விருதும் கிடைத்தது. கத்தோலிக்கத் திரைப்பட அமைப்பின் இலங்கைக் கிளையை நடத்திய எர்னஸ்ட் பொருத்தொட்ட அடிகள் சிங்களப் படங்களுக்கு விருது கொடுப்பதையே ஒரு திருப்பணிபோலச் செய்துவந்தார். “தெற்கில சுவாமிமார் படத்துக்குப் பாட்டெழுதுறாங்க, நாங்க பாக்கிறதுக்கே பயப்படுறம்,” என்றார் மாஸ்டர். பாஸ்டர் தேநீரைக் குடித்து முடித்தார். மனம் மாறவில்லை. ஆனால் பிறகு வந்த இரண்டொரு சனிக்கிழமைகளில் தாழ்வாரத்துக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டுவிட்டுப் போனார்.

பாரதிராஜாவின் ‘அலைகள் ஓய்வதில்லை’ 1981இல் வந்தது. கல்குடாவுக்கு அது வந்துசேர்ந்தது பின்னால், ஒரு கலியாண வீட்டுக்கு வாடகைக்கு எடுத்த டெக்கில். முட்டம் கடற்கரை, பிராமணப் பையன், கிறிஸ்தவப் பெண். முடிவில் அவன் பூணூலையும் அவள் சிலுவையையும் கழற்றி எறிகிறார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கங்கள் எல்லாம் அந்தக் கடைசி இரண்டு நிமிடத்தைப் பற்றியவை. முதல் இரண்டு மணித்தியாலத்தை ஒருவரும் தொடவில்லை. சனிக்கிழமைத் தாழ்வாரத்தில் ஆசிரியப் பயிற்சிக்குப் போக இருந்த ஒரு அக்கா எழும்பிச் சொன்னாள்: “பூணூல் அவனுக்குப் பிறப்பில வந்தது மாஸ்டர். சிலுவை அப்பிடியில்ல, நாங்க நம்பி எடுத்துக்கிட்டது. ரெண்டையும் ஒரே தராசில வச்சதுதான் படத்தின்ட பிழை.” எல்லாரும் தலையாட்டினார்கள். மாஸ்டர் லாம்பின் திரியைக் குறைத்தார்.

“உனக்கு எத்தின வயசில மகள் ஞானஸ்நானம்?”

“ரெண்டு மாசத்தில.”

அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. அக்கா இரண்டு கிழமை கூட்டத்துக்கு வரவில்லை. மூன்றாவது கிழமை வந்து, தான் இன்னும் யோசித்துக்கொண்டிருப்பதாகச் சொல்லிவிட்டு இருந்தாள். படம் நல்லதா கெட்டதா என்ற பேச்சை அங்கே எவரும் திரும்ப எடுக்கவில்லை. படத்தை எடைபோட வந்தவர்கள் தாங்களே தராசில் ஏறிவிட்டால் அந்தக் கேள்விக்கு ருசி இல்லாமல் போய்விடுகிறது.

தமிழ் சினிமா கிறிஸ்தவரை எப்படிக் காட்டியது என்ற கணக்கும் அங்கே நடந்தது. அதில் சிரிப்புத்தான் அதிகம். கிளப்பில் ஆடுகிறவள் ரீட்டா அல்லது ஜூலி. கடத்தல்காரனுக்கு ரொபர்ட், கையாளுக்குப் பீட்டர். நல்லவராக இருந்தால் வெள்ளை அங்கி போட்ட ஃபாதர். இரண்டு காட்சிக்கு மேல் உயிரோடு இருக்கமாட்டார். நடுவில், மீன் விற்று, கடன் வாங்கி, மகளுக்குக் கலியாணம் பேசுகிற சாதாரண அந்தோனி ஒருவர் திரையில் கிடையாது. 1995இல் ‘பாட்ஷா’வில் ரகுவரன் மார்க் ஆண்டனியாக வந்த பிறகு, ஊரிலிருந்த அந்தோனிகளுக்கெல்லாம் கொஞ்ச நாள் திடீர் மதிப்பு.

இவற்றையெல்லாம்விட மாஸ்டர் அதிகமாகத் தோண்டியது ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை. 1961இல் பீம்சிங் எடுத்த ‘பாவ மன்னிப்பு’. பாவசங்கீர்த்தனத் தொட்டியிலிருந்து எடுத்த தலைப்பு. முஸ்லிம் வீட்டில் ரஹீமாக வளரும் சிவாஜி, நாகையா நடித்த ஜேம்ஸின் வளர்ப்பில் மேரியாகத் தேவிகா. எம்.ஆர். ராதாவின் ஆளவந்தார், தன் பிள்ளை என்று அறியாமல் ரஹீமின் முகத்தில் அமிலத்தை வீசுகிறார். பொடியன் உட்பட எல்லாருக்கும் மதநல்லிணக்கப் படம் என்றுதான் அதைப் பாராட்டத் தெரிந்தது. மாஸ்டர் கேட்டது வேறு: “இதில ஆர் விலை குடுத்தது?”

மன்னிப்பு என்றால் யாரோ ஒருவர் கையிலிருந்து போகவேண்டும் என்பது அவருடைய கணக்கு. கடன்காரனை விட்டுவிட்டால் அந்தக் காசு மறைந்துபோவதில்லை. கொடுத்தவன் தலையில் விழுகிறது. அப்படிப் பார்த்தால் படத்தின் பெயரைச் சுமப்பது கடைசியில் திருந்துகிற ஆளவந்தார் இல்லை, எரிந்த முகத்தோடு நடக்கிற ரஹீம். ஒரு சபைப் பையன், எடுத்தவர் கிறிஸ்தவர் இல்லையே, இவ்வளவு அர்த்தம் அதில் இருக்குமா என்று கேட்டான். மாஸ்டர் சிரித்தார். அதே பீம்சிங்தான் பிறகு தெலுங்கில் இயேசுவின் கதையை ‘கருணாமயுடு’ என்று எடுத்தார். 1978 டிசம்பரில் அது வெளிவந்தபோது அவர் உயிரோடு இல்லை, அந்த ஆண்டு ஜனவரியிலேயே காலமாகியிருந்தார். தமிழில் அது ‘கருணாமூர்த்தி’. 1995இல், சினிமாவின் நூற்றாண்டுக்கு வத்திக்கான் 45 படங்களைத் தெரிந்தெடுத்தபோது பாசோலினியின் ‘மத்தேயு நற்செய்தி’யும் அதில் இருந்தது. பாசோலினி மார்க்சியர், நாத்திகர். இந்தச் செய்தி காதில் விழுந்தபோது பொடியனுக்கு அந்தச் சபைப் பையனைத் தேடிப்போய்ச் சொல்லவேண்டும்போல இருந்தது. தேட முடியவில்லை.

ஏனென்றால் அதற்குள் 1990இன் யுத்தம் வந்து போய்விட்டது. தாழ்வாரத்தில் இருந்தவர்களில் பாதிப்பேர் ஊரிலேயே இல்லை. அந்த ஆண்டு ஓகஸ்ட் 15, மாதாவின் விண்ணேற்புத் திருநாள். அமெரிக்க இயேசுசபைக் குரு யூஜின் ஹேபேர்ட் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் வழியில், கூடப் போன இளைஞரோடு காணாமல் போனார். கிழக்கில் ஒரு தலைமுறைக்கே கூடைப்பந்து பழக்கியவர். அவரும் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. கல்குடாவிலிருந்து ஐந்தாறு கிலோமீற்றரில் தொடங்குகிற பாதை அது. யார் விலை கொடுத்தது என்ற கேள்வியை அதற்குப் பிறகு மாஸ்டர் நெடுநாள் கேட்கவில்லை. படம் பார்க்க மின்சாரமும் இருக்கவில்லை.

பொடியனை இனி அவர் என்றுதான் எழுதவேண்டும். ஆசிரியரானார், தலை நரைத்தது, மாஸ்டர் இறந்தபின் சனிக்கிழமைக் கூட்டம் அவர் கைக்கு வந்தது.

மெல் கிப்சனின் ‘த பேஷன் ஒஃப் த கிறைஸ்ட்’ 2004 பெப்ரவரியில், விபூதிப் புதனன்று அமெரிக்காவில் வெளியானது. அரமேயத்திலும் இலத்தீனிலும் பேசும் படம். கல்குடாவில் அதன் டிவிடி கைக்கு வந்து, அடுத்த தவக்காலத்தில் போடுவதாகப் பேச்சு. அதற்குள் டிசம்பர் 26. இலங்கையில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோன அலை பாசிக்குடா, கல்குடாக் கரையையும் விடவில்லை. 2005 தவக்காலத்தில் ஊர் கூடாரத்தில் இருந்தது. படத்தைப் போடவேண்டாம் என்பதுதான் அவருடைய எண்ணம். இரத்தத்தையும் காயத்தையும் படத்தில் கண்டு அழவேண்டிய நிலையில் அங்கே யாரும் இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய்தான் போடச் சொன்னாள்.

கசையடிக் காட்சியில் அவள் தலையைக் குனிந்துகொண்டாள். சிலுவை சுமந்துபோகையில் இயேசு விழுகிற இடம் வந்தது. மரியாளுக்குச் சின்ன வயதில் அவர் ஓடி விழுந்த நினைவு வருகிறது. அன்று ஓடிப்போய்த் தூக்கியதுபோலவே கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடுகிறாள். தாய் நிமிர்ந்தாள். “தம்பி, அதத் திரும்ப ஒருக்காப் போடுங்க,” என்றாள். போட்டார்கள். மறுகாவும் போடச் சொன்னாள். மூன்றாம் தரமும் பார்த்துவிட்டு எழும்பி, சேலையில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டு தன் கூடாரத்துக்குப் போய்விட்டாள். உயிர்த்தெழுதலுக்கு நிற்கவில்லை. அன்று படத்தைப் பற்றிக் கலந்துரையாட அவர் குறித்துவைத்திருந்த தாளைச் சட்டைப்பையிலிருந்து எடுக்கவே இல்லை.

அடுத்த வருடம் ‘டாவின்சி கோட்’ விவகாரம். இலங்கையில் தடை; தமிழ்நாட்டிலும் தடை விதித்தார்கள், அதைச் சென்னை உயர்நீதிமன்றம் நீக்கியது. தடை என்றதும் பொடியன்களுக்கு அந்த சீடி எப்படியும் வேண்டும் என்றாகிவிட்டது. பார்த்தபின் முக்கால்வாசிப் பேர் இடையில் நித்திரை என்றார்கள். வேதத்துக்கு விழுந்த அடியைவிடத் திரைக்கதைக்கு விழுந்த அடி பலம் என்பது அவருடைய தீர்ப்பு.

2013இல் மணிரத்னத்தின் ‘கடல்’ வந்தபோது மட்டும் பழைய தாழ்வாரத்தின் சூடு திரும்பியது. கடற்கரை ஊர், மீன்காரர், குருவானவர்: தங்கள் படம் என்று எல்லாரும் உரிமையோடு பார்த்தார்கள். அரவிந்த்சாமியின் ஃபாதர் சாம் இரண்டு காட்சிக்கு மேல் உயிரோடு இருந்ததே பெரிய முன்னேற்றம் என்றார் ஒருவர். தாயின் உடலைப் பெட்டிக்குள் திணித்துப் புதைக்கும் அந்த ஆரம்பக் காட்சியைப் பற்றிக் கதைக்கும்போது ஒருவருக்கும் குரல் எழும்பவில்லை. ஆனால் அர்ஜுனின் பெர்க்மான்ஸ் தானே சாத்தான் என்று அறிவித்துக்கொள்வதை அவரால் ஏற்க முடியவில்லை. தன்னைச் சாத்தான் என்று சொல்லிக்கொண்டு வருகிற தீமையை இந்தக் கரையில் யாரும் கண்டதில்லை. அது நல்ல காரியம் என்று சொல்லிக்கொண்டுதான் எப்போதும் வந்திருக்கிறது. இன்னொரு குறையும் அவருக்கு இருந்தது. பிரான்சிஸ் சவேரியார் 1542இல் கால்வைத்த தூத்துக்குடிக் கரை அது. நானூற்றெழுபது வருடம் செபமாலை உருட்டிய சனம், கோயில் என்றால் என்னவென்றே தெரியாததுபோல நிற்கிறது. அப்பப்பா இருந்திருந்தால் வலையைப் பார்த்து இன்னும் நாலு சொல்லியிருப்பார்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது, ஞாயிறு பள்ளி முடிந்து முற்றத்தில் நின்ற பிள்ளைகளும் அதில் அகப்பட்டார்கள். அவர் கல்குடாவிலிருந்து போய்ச் சேர்ந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் நிற்க இடமில்லை. பிறகு வந்த நாட்களில், கெமராவோடு வந்த ஒருவர் ஒரு தகப்பனிடம் கேட்டதை அவர் பக்கத்தில் நின்று கேட்டார்: “மன்னித்துவிட்டீர்களா?” மூன்றாம் நாளோ நாலாம் நாளோ அது. படம் முடிய இன்னும் பத்து நிமிடம்தான் இருக்கிறது என்பதுபோலக் கேட்ட கேள்வி. தகப்பன் கெமராவைப் பார்க்கவில்லை. கையிலிருந்த தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திருகிக்கொண்டே நின்றார். பீம்சிங் படத்துக்கு அத்தனை சனிக்கிழமை அர்த்தம் சொன்னவர்களில் ஒருவராக, அவருக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அந்த வருடம் முழுக்கச் சனிக்கிழமைக் கூட்டத்தில் படம் எதையும் எடுக்கவில்லை. சங்கீதங்களை மட்டும் வாசித்தார்கள், அதிலும் கோபமான சங்கீதங்களை.

போன வருடம் தங்கச்சியின் மகள் கைபேசியோடு வந்து பக்கத்தில் குந்தினாள். ‘த சோஸன்’ தொடரைத் தமிழ்க் குரலில் பார்த்துக்கொண்டிருந்தாள். எடுப்பவர் சுவிசேஷ சபைக்காரர், இயேசுவாக நடிப்பவர் கத்தோலிக்கர் என்று அவளே சொன்னாள். பழைய தாழ்வாரக் கலப்பு இப்போது அமெரிக்கா பக்கமும் போய்விட்டது. முதல் பருவத்தின் நாலாம் பகுதி. இரவு முழுக்க ஒன்றும் படாத சீமோன் கரையில் நிற்கிறான். உள்ளங்கை அகலத் திரையில் படகு சரிகிறது, மீன் துள்ளுகிறது.

“நிப்பாட்டு மகள். இது இரவா பகலா?”

அவள் விரலால் பின்னுக்கு இழுத்துப் பார்த்தாள். “பகல், மாமா. நல்ல வெயில்.”

“வலைய எப்பிடிப் பிடிக்கிறாங்க, பாப்பம்.”

அவள் இரண்டு விரலை வைத்துப் படத்தைப் பெருப்பித்தாள். அவர் கண்ணாடியைத் தேடினார்.